அண்ணிக்காக எழுதிய பதினேழு பக்கம்

அநியாயம் நடந்தது எங்கள் அண்ணி இந்திராணிக்கு. செய்தவர் முத்துரத்தினம் என்று ஒரு மனை வியாபாரி. அரசாங்கம் அண்ணியின் பெயருக்குக் கொடுத்த தரகர் பதிவு எண்ணை, அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அனுமதியே வாங்காத மனைகளை விற்கிற நோட்டீசில் அச்சடித்து ஊர் பூராவும் கொடுத்துவிட்டார். விஷயம் இவ்வளவுதான், அக்கா. இதில் எங்காவது சந்தேகம் இருக்கிறதா? யார் குற்றவாளி, யார் பாதிக்கப்பட்டவர் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். அப்படியிருக்க, முந்தாநாள் சென்னையில் விசாரணை அறையில் உட்கார்ந்துகொண்டு 'தப்புதான் மேடம்' என்று சொன்னது யார் தெரியுமா? முத்துரத்தினம் இல்லை. அண்ணி. நினைத்தால் இப்போதும் வயிற்றைப் புரட்டுகிறது.

இல்லை இல்லை, எனக்குப் பஸ்ஸில் வாந்தி வராது. அந்த கவரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இது வேறு புரட்டல்.

நீங்கள் கரூர் வரைக்குமா? நல்லது. நான் திருச்சி. அங்கே பல்கலைக்கழகத்தில் பொது நிர்வாகம், முதுகலை இரண்டாம் வருடம். எங்கள் துறைக்காக விவாதப் போட்டி எங்கே நடந்தாலும் என்னைத்தான் அனுப்புவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. ஒரு விஷயத்தை முறையாக எடுத்துவைக்க எனக்குத் தெரியும் என்பதற்காகச் சொன்னேன். ஒழுங்காகக் கேட்டால் நீங்களும் என் பக்கம்தான் பேசுவீர்கள்.

எங்கள் வீடு சூலூர் தாண்டி. அண்ணன் தறி ஓட்டுகிறார். யாரோடும் எதற்கும் சண்டைக்குப் போகமாட்டார்; தறிச் சத்தத்தில் அவருக்கு எதுவும் காதில் விழாது என்று ஒரு சௌகரியம். அண்ணி கல்யாணமாகி வந்தபோது நூல் மில்லில் கோன் சுற்றும் பிரிவில் வேலை. பத்தாவது வரை படித்தவர். வீட்டுக்கு வந்தால் தலையெல்லாம் பஞ்சு, பேச்சுக்குப் பேச்சு இருமல்.

எங்கள் பக்கம் தென்னந்தோப்பெல்லாம் மனையாகிக்கொண்டிருக்கிறது, இப்போது வழியில் பார்த்தீர்களே, அந்த மாதிரி கொடிக்கம்பமும் மஞ்சள் கல்லுமாக. ஞாயிற்றுக்கிழமை வேனில் ஆட்களை ஏற்றிவந்து இடம் காட்டுவார்கள், மத்தியானத்துக்கு ஆளுக்கொரு தயிர்சாதப் பொட்டலம். ஆண்கள் விலை பேசுவார்கள். கூட வந்த பெண்கள் கேட்பதற்கு எந்தத் தரகரிடமும் பதில் இருக்காது. போர் போட்டால் எத்தனை அடியில் தண்ணீர், மழை பெய்தால் எந்தத் தெருவில் நிற்கும், பக்கத்து வீட்டுக்காரன் எப்படிப்பட்டவன். அதெல்லாம் அண்ணிக்குத் தெரியும். அதனால் விடுமுறை நாளில் அண்ணியைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். 'அக்கா, சும்மா வந்து பொம்பளைங்ககூட நில்லுங்க போதும்.' அண்ணி போய் நின்று, உள்ளதை உள்ளபடி சொல்லி, அதைக் கேட்டு அந்தப் பெண்கள் வீட்டுக்காரரை முழங்கையால் ஒரு இடி இடித்து, அப்புறம்தான் கிரயமே முடியும். கமிஷன் பிரிக்கிற அன்றைக்கு மட்டும், 'அந்தம்மா தொணைக்குத்தான வந்துச்சு' என்பார்கள்.

இதற்கு ஒரு முடிவு கட்டியது நான்தான். சட்டப்படி மனை விற்றுக் கொடுக்கிறவர், மனை விற்பனையைக் கண்காணிக்கிற அரசு ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், தெரியுமா? எங்கள் பகுதியில் இருபது தரகர்கள் இருக்கிறார்கள். ஒருத்தரிடமும் பதிவு கிடையாது. எங்கேயோ யாரோ ஒருவர் எடுத்துவைத்திருந்தால், அவருடைய எண்ணை இவர்கள் எல்லாரும் போட்டுக்கொள்வார்கள். கல்யாணத்துக்குப் பக்கத்து வீட்டுச் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு போகிற மாதிரி. 'அண்ணா, உங்க நம்பர போட்டுக்கறேன்' என்றால் முடிந்தது. அது தப்பு என்றே அவர்களுக்குத் தெரியாது. உபகாரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அருவருப்பாக இருக்கிறது.

அப்போது நான் இளங்கலை முதல் வருடம். 'அண்ணி, நீங்க உங்க பேர்லயே எடுங்க' என்றேன். அலைச்சல் கொஞ்சமா? மின்சார ரசீது அப்பா பேரில், ரேஷன் கார்டில் அண்ணியின் அப்பா பெயர் தப்பு, பான் கார்டில் இனிஷியல் இல்லை. அண்ணி மில்லுக்கு அரைநாள் லீவு போட்டு ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினார். நான் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பினேன். எங்கள் ஊர் பேக்கரியில் தரகர்கள் கூட்டம் எப்போதும் இருக்கும். அதில் ஒருவர், அண்ணி போகும்போது கேட்கிற மாதிரி, 'புரோக்கருக்கு சர்டிபிகேட்டாமா. அடுத்தது கழுத்துல ஸ்டெதஸ்கோப் மாட்டிட்டு வருமாட்ட இருக்குது' என்றார். அண்ணி நின்று, 'ஆமாங்கண்ணா, முதல் ஊசி உங்களுக்குத்தான்' என்று சொல்லிவிட்டுப் போனார். நான் இருந்திருந்தால் பாலினச் சமத்துவம் பற்றி விளக்கிச் சொல்லியிருப்பேன். அண்ணிக்கு அந்த அளவுக்கு வராது.

பதிவு வந்தது. அண்ணி மில்லை விட்டார். இருமல் நின்றது. வீட்டு முன்னறையில் ஒரு மேசை, பின்னால் சுவரில் சான்றிதழ். அப்படி மாட்டிவைக்க வேண்டும் என்பது விதி. இப்போது ஒரு கிரயம் என்றால் தாளில் அண்ணி பெயர் இருக்கும், அண்ணி கையெழுத்துப் போடுவார். 'தொணைக்கு வந்துச்சு' என்று எவனும் சொல்ல முடியாது. அந்தப் பதிவு போனால் அண்ணிக்கு எல்லாம் போச்சு. ரத்தாகிவிட்டால் மறுபடி எடுப்பது லேசில்லை. மறுபடி மில், மறுபடி பஞ்சு. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

முத்துரத்தினம் போன வருடம் 'வெண்சங்கு அவென்யூ' என்று ஒரு மனைப் பிரிவு போட்டார். முதல் பகுதிக்கு முறையாக அனுமதி வாங்கியிருந்தார். அதற்கு அண்ணிதான் பதிவுபெற்ற தரகர். நோட்டீசின் அடியில் அண்ணியின் எண் இருந்தது. அது நியாயம். ஒப்பந்தம் இருந்தது. நல்லபடியாக விற்று முடித்தார்கள். இந்த வருடம் ஆனி மாதம் இரண்டாவது பகுதி என்று புதிய நோட்டீஸ் வந்தது. அதே நோட்டீஸ்தான். படத்தை மட்டும் மாற்றி, 'சில மனைகளே உள்ளன' என்று சேர்த்து, அடியில் இருந்த எண்ணை அப்படியே விட்டு அச்சடித்திருந்தார்கள். இரண்டாவது பகுதிக்கு அனுமதியும் இல்லை, அண்ணியோடு ஒப்பந்தமும் இல்லை.

அண்ணி அதைப் பார்த்தது பேக்கரியில், பப்ஸ் மடித்துக்கொடுத்த தாளில். அன்றைக்கே எனக்கு போன் செய்தார். 'மதி, நான் இப்பவே அவரு ஆபீசுக்குப் போயி என்ற நம்பர எடுங்கன்னு சொல்லீட்டு, தரகருங்க குரூப்புலயும் ஒரு சேதி போட்டுடறேன், என்ன சொல்ற?' என்றார்.

நான் கூடவே கூடாது என்றேன். சொல்லுங்கள் அக்கா, நான் சொன்னது தப்பா? நேரில் போய்ப் பேசினால் சமரசம் என்றாகிவிடும். வாட்ஸப்பில் போட்டால் அது ஆதாரமா, வதந்தியா? நிர்வாகம் என்பது எழுத்தில் நடக்கிற காரியம். 'நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க அண்ணி, யாரோடயும் பேசாதீங்க, நான் ஆணையத்துக்கு முறையா ஒரு மனு எழுதறேன்' என்றேன். அண்ணி சரி என்றார்.

மனு எழுத ஆறு வாரம் ஆனது. ஆறே வாரம். சும்மா எழுதிவிட முடியுமா? சட்டத்தின் நோக்கம், அது எப்படி வந்தது, மற்ற மாநிலங்களில் எப்படி நடக்கிறது, பெண் தரகர்களின் நிலை என்று எல்லாம் படித்து எழுத வேண்டாமா? நடுவில் எனக்கு மதுரையில் ஒரு விவாதப் போட்டி வேறு. அண்ணி வாரத்துக்கு ஒருமுறை, 'மதி, ஆச்சா? இங்க நோட்டீசு குடுத்துட்டே இருக்கறாங்க' என்று கேட்பார். அவசரப்பட்டால் தரம் போய்விடும் என்று சொல்வேன்.

அந்த நாலாவது வாரத்தில்தான் ஆரோக்கியசாமி என்று தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் அந்த நோட்டீசை நம்பி, அடியில் பதிவு எண் இருக்கிறதே என்று தைரியமாக, இரண்டாவது பகுதியில் ஒரு மனைக்கு முன்பணம் கொடுத்துவிட்டார். அப்புறம்தான் விசாரித்திருக்கிறார். அனுமதி இல்லை என்று தெரிந்ததும் ஆணையத்துக்குப் புகார் எழுதிவிட்டார். எத்தனை பக்கம் தெரியுமா? ஒரே பக்கம். யோசித்துப் பாருங்கள். சட்டத்தின் ஒரு பிரிவைக்கூட மேற்கோள் காட்டவில்லை. அதற்கு உடனே நடவடிக்கை. என் மனு கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால் ஆணையத்திலிருந்து அண்ணிக்கு நோட்டீஸ் வந்துவிட்டது, உங்கள் பதிவை ஏன் ரத்து செய்யக்கூடாது, பதினைந்து நாளில் விளக்கம் சொல்லுங்கள் என்று. இந்த நாட்டில் ஆழமாக வேலை செய்கிறவர்களுக்கு இதுதான் கதி.

நோட்டீஸ் வந்த மறுநாள் முத்துரத்தினம் வீட்டுக்கு வந்தார். நான் அன்றைக்கு வீட்டில்தான் இருந்தேன். வெள்ளைச் சட்டை, பையில் தங்க நிறப் பேனா, கையில் அரைக்கிலோ முந்திரி கேக். ஒரு குற்றவாளி இனிப்போடு வருவான் என்று நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. சோபாவில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, 'அச்சாபீசுக்காரன் பண்ணுன வேலைங்க. பழசையே ஓட்டிட்டான். அப்படியே இருந்தாலும் என்னங்க, நம்ம இந்திராணிதான, கேட்டா மாட்டேன்னா சொல்லீருக்கும்? குடும்பமாட்டத்தான பழகறோம்' என்றார்.

குடும்பமாட்டம். அந்த வார்த்தை மேலே ஊர்ந்த மாதிரி இருந்தது எனக்கு. நாற்பது நிமிடம் விடாமல் பேசினேன். ஒருவருடைய அடையாளத்தை அவர் அனுமதியில்லாமல் எடுத்துக்கொள்வது எப்பேர்ப்பட்ட வன்முறை, ஒரு பெண்ணுக்குக் குரல் உண்டு என்பதையே மறந்துவிட்டு அவள் சார்பில் நீங்களே 'சரி' சொல்லிக்கொள்வது எவ்வளவு கேவலம் என்றெல்லாம். அவர் கேக் டப்பாவின் நூலைப் பிரித்துச் சுருட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணி இரண்டு தடவை ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான், 'அண்ணி, நீங்க இருங்க' என்றேன். நல்ல வேகத்தில் இருக்கும்போது இடையில் பேசினால் வாதம் உடைந்துபோகும்.

அவர் போனபிறகு அண்ணி, 'அச்சாபீசு பில்லு அவருகிட்ட இருக்கும். அதக் கேக்கலாம்னு பாத்தேன். தேதி தெரிஞ்சிருக்கும்' என்றார். சின்னச் சின்ன விஷயத்திலேயே நிற்பார் அண்ணி. சுபாவம் அப்படி.

நீங்கள் தூங்கவில்லையே? கண்ணை மூடிக் கேட்கிறீர்கள், சரி, சரி.

பதினைந்து நாளில் விளக்கம் கொடுக்க வேண்டுமே. நான் எழுதிவைத்திருந்த மனு பதினான்கு பக்கம் இருந்தது. அதையே விளக்கமாக மாற்றினேன். ஒரே ஒரு குறை. அதில் வாதம் இருந்தது, உணர்ச்சி இல்லை. தாலுகா அலுவலகத்துக்கு வெளியே மரத்தடியில் மனு எழுதுகிற ஒரு பெரியவர் இருக்கிறார். அவர் எழுதுவது எல்லாமே ஒரே மாதிரிதான் இருக்கும். யார் போனாலும் 'ஏழை, எழுதப் படிக்கத் தெரியாதவன், தங்கள் பாதமே கதி.' சொந்தமாக ரைஸ் மில் வைத்திருக்கிறவருக்கும் அதையேதான் எழுதுவார். அடிமைப் புத்தி, மன்னர் காலத்து மிச்சம். ஆனால் அவர் மனுக்கள் ஜெயிக்கின்றன என்று ஊரில் சொல்கிறார்கள். போய்க் கேட்டேன். 'கண்ணு, அதிகாரிக்குப் பாவம்னு தோணோணும். பாவம்னு தோணாத மனு ஃபைலுக்குள்ள தூங்கிப்போயிரும்' என்றார்.

ஒரு உத்தியாக அதை எடுத்துக்கொண்டேன். உத்தி வேறு, கொள்கை வேறு. மூன்றாம் பக்கத்தில் ஆரம்பித்து மூன்று பக்கம் புதிதாகச் சேர்த்தேன். பெரியவருடைய சரக்குதான், தமிழ் மட்டும் என்னுடையது. 'மனுதாரர் போதிய கல்வியோ உலக அனுபவமோ வாய்க்கப்பெறாத ஓர் அபலைப் பெண். வரைபடம் யாது, அங்கீகாரம் யாது என அறியாதவர். பிறர் காட்டிய இடத்தில் கையெழுத்திடும் வெள்ளை மனம் படைத்தவர்.' நன்றாக இல்லையா? எனக்கே எழுதும்போது கண் கலங்கியது.

கடைசி நாள் சாயந்திரம் தபால் நேரத்துக்குள் அனுப்ப வேண்டும். 'அண்ணி, இங்க, இங்க, அப்புறம் இங்க கையெழுத்துப் போடுங்க' என்றேன். 'ஒருக்கா படிச்சுப் பாத்துக்கறேன் மதி' என்றார். நேரமில்லை என்று சொல்லிவிட்டேன். பதினேழு இடத்தில் மளமளவென்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எவ்வளவு நம்பிக்கை பாருங்கள் என்மேல்.

விசாரணைக்குச் சென்னைக்கு வரச்சொன்னார்கள். அண்ணியும் நானும் பகல் ரயிலில் போனோம். நகல் ஒன்றைக் கொடு என்று அண்ணி கேட்டு வாங்கிக்கொண்டார். திருப்பூரில் படிக்க ஆரம்பித்தவர் ஜோலார்பேட்டையில்தான் முடித்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். 'உன்ற எழுத்து பெரிய எழுத்தா இருக்குது' என்றார். அதற்குமேல் சென்னை வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். பயம் என்று நினைத்தேன். 'நீங்க வாயே திறக்க வேண்டாம், எல்லாம் நான் பாத்துக்கறேன்' என்று தைரியம் சொன்னேன்.

விசாரணை செய்தது ஒரு பெண் அதிகாரி. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், கழுத்தில் கயிறு போட்ட கண்ணாடி. எனக்கு அங்கே பேச உரிமையில்லை, கூட வந்தவர் உட்காரலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். ஆனாலும் அவர் அண்ணியிடம் கேட்ட முதல் நாலு கேள்விக்கு நான்தான் பதில் சொன்னேன். அவர் ஐந்தாவது கேள்வி கேட்பதற்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்து, 'உங்க பேர் இந்திராணியாம்மா?' என்று கேட்டார். இல்லை என்றேன். 'அப்ப சரி' என்று மறுபடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அதிகாரத்திலே இருக்கிறவர்களுக்கு எதிர்வாதம் என்றாலே கசப்பு.

அப்புறம் மூன்றாம் பக்கத்தைப் புரட்டினார். வாய்விட்டுப் படித்தார். நான் எழுதியதை இன்னொருவர் படித்துக் கேட்பது எனக்குப் பிடிக்கும். முழுவதும் படித்துவிட்டு அவர் சொன்னது இதுதான். 'வரைபடம்னா என்னன்னு தெரியாது, அங்கீகாரம்னா என்னன்னு தெரியாது, யார் காட்டின இடத்துலயும் கையெழுத்துப் போடுவாங்க. இதெல்லாம் நிஜம்னா, முத்துரத்தினம் தப்பு பண்ணினாரா இல்லையாங்கறது அப்புறம். இப்படிப்பட்டவங்ககிட்ட ஒரு பதிவு இருக்கறதே ஜனங்களுக்கு ஆபத்து. நான் ரத்து பண்றதுக்கு இந்த ஒரு பக்கமே போதும்.'

நியாயமா இது? ஒருத்தர் அப்பாவி என்றால் அவருக்குப் பாதுகாப்பு கொடுப்பதா, தண்டனை கொடுப்பதா? நான் எழுந்து, அது ஒரு சொல்லாட்சி, அதை நேரடியாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்று விளக்க ஆரம்பித்தேன். அதிகாரி என் பக்கம் திரும்பவே இல்லை. அண்ணி என் துப்பட்டாவைப் பிடித்துக் கீழே இழுத்து உட்காரவைத்தார். பலமாகவே இழுத்தார்.

அப்புறம் சொன்னார். 'மேடம், அது தப்பா எழுதியிருக்குதுங்க. எனக்கு வரைபடம் பாக்கத் தெரியுமுங்க.'

'இந்த ரெண்டாவது பகுதி வரைபடம் பாத்திருக்கீங்களா?'

பார்த்திருக்கிறேன் என்று சொல்லி அண்ணி பேச ஆரம்பித்தார். அந்த நிலத்தில் மேற்கோரமாக ஒரு ஓடை போகிறது. கோடையில் தெரியாது, முள் மண்டிக் கிடக்கும், ஐப்பசியில்தான் தண்ணீர் வரும். கிராம வரைபடத்தில் அது புறம்போக்கு. அதை மண் போட்டு மூடினால்தான் ஏழு மனை வரும், அதனால்தான் அனுமதி கிடைக்கவில்லை. போன வருடமே முத்துரத்தினம் இதற்கும் தரகராக இருக்கச் சொல்லிக் கேட்டபோது, ஓடையை விட்டுவிட்டுப் பிரிக்கிறதானால் சொல்லுங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டதாகச் சொன்னார். இது எனக்கே தெரியாது, அக்கா. பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். எந்தத் தேதியில் யாரை எந்த இடத்துக்குக் கூட்டிப்போனார், அவர்கள் என்ன கேட்டார்கள், இவர் என்ன சொன்னார் என்று மூன்று வருடமாக எழுதிவைத்திருக்கிறார். அதில் வெண்சங்கு இரண்டாவது பகுதிக்கு ஒருத்தரைக்கூடக் கூட்டிப்போகவில்லை. அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டினார். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, 'இது என்ன, பாம்பு மூணுன்னு எழுதியிருக்கு?' என்றார். 'அந்த எடத்துல நானே மூணு பாம்பு பாத்தேனுங்க. வாங்க வந்தவங்ககிட்டயும் சொன்னேன். வாங்கல' என்றார் அண்ணி. அதிகாரி சிரித்துவிட்டார்.

எனக்கு நம்பிக்கை வந்தது. அப்போதுதான் அந்தக் கேள்வி. 'இவ்வளவு தெரிஞ்சவங்க, நோட்டீஸ்ல உங்க நம்பர பாத்த அன்னைக்கே ஏன் தடுக்கல? ஆறு வாரம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?'

அண்ணி என்னை ஒரு தரம் பார்த்தார். நான் கண்ணாலேயே ஜாடை காட்டினேன், ஒப்புக்கொள்ளாதீர்கள், நாம் பாதிக்கப்பட்ட தரப்பு என்று. அவர் திரும்பிக்கொண்டார்.

'தப்புதான் மேடம். அன்னிக்கே போயி நிறுத்தியிருக்கோணும். எப்படி நிறுத்தறதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நிறுத்தல. பணம் குடுத்த அந்தப் பெரியவரு என்ற நம்பரப் பாத்துத்தான் ஏமாந்தாரு.'

காரணம் என்று ஏதாவது இருக்கிறதா என்று அதிகாரி இரண்டாவது தடவையும் கேட்டார். இல்லை என்றுவிட்டார் அண்ணி. ஏன் சொல்லவில்லை? முறையாக மனு தயாராகிக்கொண்டிருந்தது என்று சொல்லியிருக்கலாமே. எவ்வளவு கண்ணியமான காரணம். அதற்கு அப்புறம் நடந்தது இன்னும் மோசம். எழுத்து விளக்கத்தை வைத்து முடிவு செய்வதா, இப்போது சொன்னதைப் பதிவு செய்துகொள்வதா என்று அதிகாரி கேட்க, அண்ணி யோசிக்கவே இல்லை. 'அந்தப் பதினேழு பக்கத்தையும் நான் திருப்பி வாங்கிக்கறேனுங்க' என்றார். தட்டச்சு செய்து கொண்டுவந்த வாக்குமூலம் ஒன்றரைப் பக்கம். அண்ணி அதை வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். ஒரு இடத்தில் 'ஓடை' என்பதை 'வாய்க்கால்' என்று போட்டிருந்தார்கள். அதை மாற்றச் சொன்னார். மாற்றினபிறகுதான் கையெழுத்துப் போட்டார். கால் மணி நேரம் எல்லாரும் காத்திருந்தோம்.

பதிவு ரத்தாகவில்லை. எச்சரிக்கை என்று எழுதி, இரண்டாவது பகுதிக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று அண்ணி பத்து நாளுக்குள் பத்திரிகையில் அறிவிப்பு கொடுக்க வேண்டும் என்று சொல்லி விட்டுவிட்டார்கள். முத்துரத்தினம்மேல் தனியாக விசாரணை, ஆரோக்கியசாமியின் பணத்தை அவர் திருப்பித் தர வேண்டும். எல்லாரும் நல்ல முடிவு என்கிறார்கள். அண்ணன் போனில், 'அப்பாடா' என்றார். தறி நின்றிருந்தது போல.

நல்ல முடிவா? எச்சரிக்கை என்றால் குற்றம் என்றுதானே அர்த்தம்? தவறே செய்யாத ஒருவருடைய கோப்பில் அது இனி காலத்துக்கும் இருக்கும். என் பதினேழு பக்கம் எங்கே இருக்கிறது? என் பையில், இதோ. இது என்ன நீதி? முத்துரத்தினம் கேட்காமல் எடுத்துக்கொண்டார். அதிகாரி கேட்க மறுத்தார். கடைசியில் அண்ணியே, அவருக்காகக் கண்விழித்து எழுதியவளைக் கைவிட்டார். எனக்கு யார்மேல் அதிகம் அருவருப்பு என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை.

ஏன் அண்ணி அப்படிச் சொன்னீர்கள் என்று வெளியே கேன்டீனில் கேட்டேன். 'தோசை ஆறுது, சாப்புடு' என்றார். திரும்பி வரும்போது ரயிலில் கேட்டேன். எதிர் சீட்டில் ஒரு பெண்மணி அவிநாசிப் பக்கம் வீடு தேடுவதாகச் சொன்னார். அண்ணி அவரோடு பேச ஆரம்பித்துவிட்டார், கோயம்புத்தூர் வரைக்கும். இறங்கும்போது அந்தப் பெண்மணி போன் நம்பர் வாங்கிக்கொண்டார்.

இன்றைக்குக் காலையில் விடவில்லை. திருச்சிக்குக் கிளம்புகிறேன், இதற்குப் பதில் தெரியாமல் போகமாட்டேன் என்று மேசைக்கு முன்னால் போய் நின்றேன். அண்ணி அப்போது பத்திரிகைக்கு அறிவிப்பு எழுதிக்கொண்டிருந்தார். அவரே எழுதிக்கொண்டிருந்தார், நாலு வரி. நான் எழுதித் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றார். வாசலில் இடம் பார்க்க வந்த ஒரு கணவன் மனைவி காத்துக்கொண்டிருந்தார்கள். சரி, நான் சுருக்கமாகத்தான் கேட்டேன். உங்களுக்காக எழுதினேன், உங்கள் பக்கம் நின்று எழுதினேன், அதில் ஒரு வரியாவது உங்களுக்கு எதிராக இருந்ததா, அதை ஏன் திருப்பி வாங்கினீர்கள், அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்றேன்.

அண்ணி பேனாவை மூடினார். நோட்டை எடுத்துப் பையில் போட்டார். செருப்பை மாட்டிக்கொண்டே, கோபமும் இல்லாமல் சிரிப்பும் இல்லாமல், வாங்க வந்த பார்ட்டியிடம் ஒரு இடத்தைப் பற்றிச் சொல்வாரே, அந்தக் குரலில் சொன்னார்:

'மதி, அதுல நீ எழுதியிருக்கற பொம்பளகிட்ட, நானா இருந்தா ஒரு சென்ட் எடம் வாங்கமாட்டேன் அம்மணி.'